யசோதையின் கண்களை எழுதியது யார்?

அந்தப் பேராசிரியர் பொய் எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய கலை வரலாற்றுப் புத்தகத்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முதல் வண்ணப் படமாக, மடியில் கண்ணனை வைத்திருக்கும் யசோதையின் கண்ணாடி ஓவியத்தைப் போட்டிருக்கிறார். அதன் கீழே, இந்தக் கண்களில் உள்ள தாய்மையும் அச்சமும் உள்ளூர்க் கைக்கு வராது, கடல் கடந்து வந்த ஓவியன் ஒருவனின் வேலை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கண்களை எழுதியவர் கோட்டாற்றில் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த, பின்புறத்தார் என்று ஊரார் பட்டப்பெயர் வைத்த மனிதர். எழுதும்போது நான் எதிரே நின்றேன்.

உலகத்தில் எதையும் முன்பக்கமாகப் பார்க்காத ஒரே மனிதர் பின்புறத்தார்தான். அவர் கடையில் எல்லாப் படமும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முருகன் வேண்டுமென்று வந்தவர் லட்சுமி, ஏசு, இரண்டு மந்திரிகள் எல்லோரையும் திருப்பிப் பார்த்துத்தான் முருகனிடம் போய்ச் சேர வேண்டும். கல்யாணப் போட்டோவைக் கொடுத்தால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்க மாட்டார். அட்டையைத் தட்டிப் பார்த்து, "ஈரம் ஏறியிருக்கு, ஒரு வருசம் தாங்காது" என்பார். இதைக் கேட்ட ஒரு பெண்ணின் அப்பா அவரை அடிக்கவே போய்விட்டார்.

இராஜாக்கமங்கலத்துக்குப் போகும் வழியில், கடலோரத்துத் தேவாலயம் ஒன்றில் மரத்தால் செய்த புனிதர் இருந்தார். அங்கே ஒருநாள் பின்புறத்தார் பீடத்தின் பின்னால் புகுந்து உட்கார்ந்துவிட்டார். முன்னால் வந்து கும்பிடும்வே என்று கடற்கரைக்காரர்கள் இழுத்தார்கள். அவர் அசையவில்லை.

"முன்னால கூட்டமாக்கும். இங்க நானும் அவரும்தான்."

புனிதரின் முதுகு உள்ளே குடைந்து, மீன்பிடி வள்ளம் போல வெறுமையாக இருந்ததாம். குடைந்துவிட்டால் மரம் வெடிக்காது. அந்த வெட்டைத் தடவிப் பார்த்து, இது வள்ளம் கட்டுகிறவன் கை என்று சொன்னார். இழுத்தவர்களில் பாதிப் பேர் வள்ளம் கட்டுகிறவர்கள். அன்று அவருக்கு மீன்சோறு கிடைத்தது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வேலை நிரந்தரமாகவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். தோவாளையில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். மேனேஜர் தன் வீட்டு யசோதையைக் கொடுத்து, ஆண்டு விழாவுக்குத் துடைத்து வை என்றார். அவருடைய தாத்தா காலத்தில் குளச்சலில் கப்பலிலிருந்து இறங்கிய படம்.

நான் பின்பலகையைக் கழற்றினேன். கண்ணாடியின் பின்னால் மேடும் பள்ளமுமாக அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். திருப்பிப் பார்த்தால் யசோதைக்கு இரண்டு கண்ணும் இல்லை. கண்ணாடியின் முதுகிலும் படம் எழுதுவார்கள் என்று எனக்குப் பயிற்சிப் பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. ரவிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கோட்டாற்றுக்கு ஓடினேன்.

பின்புறத்தார் திட்டவில்லை. உள்ளே போய் உடைந்த படங்களின் மூன்று பின்பலகைகளை எடுத்து வந்தார். ஒன்றில் சீன எழுத்து, ஒன்றில் வெள்ளைக்காரக் கப்பல் முத்திரை, ஒன்றில் ஒட்டியிருந்தது தஞ்சாவூர் நோட்டீசு. அந்தப் படங்களைப் பின்னாலிருந்து அடுக்கடுக்காகச் சுரண்டிச் சுரண்டியே அவர் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார்.

"சீனாக்காரனும் சரி, வெள்ளக்காரனும் சரி, தஞ்சாவூர்க்காரனும் சரி, கண்ணாடியிலே எழுதணும்னா பொட்டை முதல்ல வச்சிரணும். நெத்தி பொறவுதான். நீங்க பின்னாலேருந்து தொடச்சதுல தோல் நெறத்தோட கண்ணும் போயாச்சு. எதுக்க நில்லுங்கோ டீச்சரே."

கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்தினார். அவர் பின்னால், நான் முன்னால். யசோதையின் முகத்தில் இருந்த ஓட்டை வழியாக என் கண்கள் அவருக்குத் தெரிந்தன. கொஞ்சம் பின்னால போங்கோ, இன்னும் கொஞ்சம் என்று என்னைத் தெருவரை தள்ளிவிட்டார். சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள். என் கண் யசோதையின் அளவுக்குச் சுருங்கியதும் நிற்கச் சொன்னார். நிற்க முடிந்ததே தவிர அழுகையை நிறுத்த முடியவில்லை.

"அழுதா கண்ணு வீங்கும். யசோதைக்க கண்ணும் வீங்கும். மேனேஜர் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சிரித்துவிட்டேன். முதலில் கருவிழியின் ஒளிப்புள்ளி, பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை, அதன்மேல் தோல் நிறம். தப்பினால் திருத்த வழியில்லாத வேலை. மத்தியானம் முழுக்க வெயிலில் நின்றேன். சாயங்காலம் யசோதை பார்த்தாள். மேனேஜர் இருபது தடவை பார்த்திருப்பார், ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார். அந்த வேலையில் முப்பது வருடம் இருந்தேன். தம்பிகள் படித்தார்கள்.

ஐம்பத்தாறில் பேராசிரியர் சென்னையிலிருந்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுக்கப் பின்புறத்தாரைத்தான் கூப்பிட்டார்கள். ஐயா ஒருக்கா திருப்பிப் பாருங்கோ என்று அவர் மூன்று தடவை சொன்னாராம். பின்னால் தூசிதானே இருக்கும் என்று பேராசிரியர் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி என்று பிறகு கேட்டேன்.

"திருப்பிப் பாக்காதவனுக்கு வாயால சொன்னா வெளங்குமா?"

மேனேஜர் காலமாகிவிட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

பேராசிரியரே, அந்த அச்சம் கடல் கடந்து வரவில்லை. வேலை போய்விடுமென்று பயந்த இருபத்திரண்டு வயது டிராயிங் டீச்சரின் அச்சம் அது. படம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. போய் இறக்குங்கள். திருப்புங்கள். பின்பலகையைக் கழற்றுங்கள். பலகையின் உள்பக்கம் நீலப் பென்சிலில், "கண்ணு ரெண்டும் டீச்சருக்கது. மிச்சம் யாருக்கதோ" என்று எழுதியிருக்கும். தன் பெயரை அவர் எழுதவில்லை. அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழகிய நானும் கேட்டு வைக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காத மனிதர் என் முகத்தை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தார். அந்தக் கண்கள் யார் கைவேலை என்று இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி, நீங்கள் பதில் எழுத வேண்டும்.