காக்காப்பொன் கம்பெனியும் உங்கள் ஏரிக்கரை நிலமும்

திருமழிசை
12-2-1937

ரங்கூனில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ ஜெயராமன் அத்தான் அவர்களுக்கு மாமன் மகன் வரதன் அநேக நமஸ்காரம். எருமை உட்பட இங்கு எல்லோரும் க்ஷேமம்.

உலகத்தார் முதலில் அறியவேண்டிய செய்தி: எனக்கு மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் நான்கு. அதனாலோ என்னவோ, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உள்ள உங்கள் நிலத்தை விற்று, காக்காப்பொன், அதாவது மைக்கா, தேடும் கம்பெனியில் ஷேர் வாங்கலாமா என்று நீங்கள் கேட்டு எழுதியதை நைனா என்னிடமே நீட்டி, "இங்கிலீஸ் படிக்கிறியே, நீயே பார்த்து சொல்றா" என்றார்.

சொல்லியனுப்பியதும் கம்பெனி ஏஜெண்டு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, நெல்லூர்ப் பக்கம் எடுத்ததென்று பளபளக்கும் கல் ஒன்றைக் காட்டி, ஷேர் பத்து ரூபாய் என்று சொல்லி வாய் மூடவில்லை, நைனா மாட்டுச்சந்தை வழக்கப்படி தோள்துண்டை அவர் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டார், எந்த விரலுக்கு எத்தனை ரூபாய் என்று அறியாத அந்த மனிதர் "ஐயா, மோதிரத்தை விட்ருங்க!" என்று அலற, அம்மா ஓடிவந்தாள்.

"எவ்ளோ ஆழம் தோண்டிக்கீறீங்க?"

"இன்னும் தோண்டலீங்கம்மா. ஆராய்ச்சிதான் நடக்குது."

"கெணறு வெட்ற வேம்புலியே தண்ணி கண்டாத்தான் முழுக்கூலி கேப்பான். நீ இன்னா, குழியே இல்லாம காசு கேக்குறே?"

பிறகு கம்பெனியின் பன்னிரண்டு பக்க இங்கிலீஷ் அறிக்கையை எடுத்துக்கொண்டு உங்கள் வரப்பிலேயே போய் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக நான்கு நாள் அலசினேன். எதிரே அதே மதகு. நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்ததும், உங்கள் வேட்டியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போக, என் துண்டைக் கட்டிக்கொண்டு பொழுதுசாயும் வரை கரும்புக்குள் ஒளிந்திருந்ததும் அங்கேதான். இப்போது அங்கே குதிக்க எனக்கு ஜோடி இல்லை. அது கிடக்கட்டும். ஐந்தாம் நாள் தீர்ப்புச் சொன்னேன்: "பொன் அவங்களுக்கு, காக்கா நமக்கு. வேணாம் நைனா." ஏஜெண்டு மூட்டை கட்டினார். உங்கள் நிலம் என் மூளையால் பிழைத்தது. ஊரில் என்னை இப்போது வக்கீல் என்கிறார்கள்.

நைனாவும் அம்மாவும் உங்களுக்கு நூறு வயது ஆசீர்வதிக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
வரதன்

பி.கு.: அத்தான், அந்த அறிக்கையில் எனக்கு முதல் வரியே புரியவில்லை. அரைப் பரீட்சையில் இங்கிலீஷில் நூற்றுக்குப் பதினெட்டு. கம்பெனி நல்லதா கெட்டதா, சத்தியமாகத் தெரியாது. நிலமும் போய்விட்டால் நீங்கள் எதற்காக இந்தப் பக்கம் திரும்பி வரப்போகிறீர்கள் என்று தோன்றியது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை கம்பெனிக்குக் காக்காப்பொன் வண்டி வண்டியாகக் கிடைத்துவிட்டால், என்னை உதைக்கவாவது நேரில் வாருங்கள்.