இதுக்கோ நான் அழுதனான்?

பரிசுப் பெட்டியைப் பார்த்து அதிகம் சந்தோசப்படுகிறவர் அதை வாங்குகிறவர் இல்லை, கொடுக்கிறவர்தான். உள்ளே என்ன கிடக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டும் சந்தோசப்பட்ட ஒருவன் உண்டென்றால், அது எண்பதுகளின் பின்பாதியில் ஜெனீவாவில் இருந்த நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹோட்டல்களின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தோய்த்து மினுக்குகிற ஒரு லோன்றியில் வேலை. (ஊரில் என் சட்டையையே நான் தோய்த்தவனில்லை. அம்மாவுக்கு எழுதும்போது "ஹோட்டல் துறையில் இருக்கிறேன்" என்று எழுதுவேன்.) மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நின்றவர் மதாம் ஒடில். வீடு எல்லைக்கு அங்கால், பிரான்சில். காலையில் பஸ்சில் வந்து பின்னேரம் பஸ்சில் போவார். விரிப்பின் இரண்டு மூலையை அவர் பிடிக்க, இரண்டு மூலையை நான் பிடிக்க, நடுவில் கதை ஓடும். என் பிரெஞ்சு முழுவதும் அப்படி மடித்து எடுத்ததுதான்.

கார்த்திகை பிறந்தால் ஒடிலின் வாயில் நத்தார்க் கதையைத் தவிர வேறில்லை. (எங்களுக்கு நத்தார், மற்றவர்களுக்குக் கிறிஸ்மஸ்.) இரண்டு பக்கச் சொந்தமும் சேர்த்து அவருக்கு இருபத்திமூன்று பேர். கையில் இருக்கிற காசோ நாலு பேருக்குக்கூடக் காணாது. ஆனால் ஒருவரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். போன ஜனவரி மலிவு விற்பனையிலேயே இந்த நத்தாருக்கான கையுறை வாங்கியாயிற்று. கோடையில் பழம் மலிந்தபோது காய்ச்சிய ஜாம் போத்தல்கள் நிரையாய் நிற்கும். வாசனைக் கடையில் சும்மா கொடுக்கிற சின்னக் குப்பிகளை வருசம் முழுக்கச் சேர்த்து, நாத்தனாருக்கு ஒரு கட்டு. சுற்றி வந்த கடதாசியை யாரும் கிழிக்கக் கூடாது.

"கடதாசியைக் கிழிக்கிற ஆளுக்கு எங்கடை வீட்டில அடுத்த வருசம் பரிசில்லை" என்பார்.

பெட்டிதான் அவருடைய பெரிய வித்தை. நல்ல கடைப் பெட்டி ஒன்றையும் எறியமாட்டார். "ஆக்கள் பெட்டியைத்தான் ஞாபகம் வைச்சிருப்பினம், தம்பி." (தம்பி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் அப்படித்தான்.)

அந்த வருசம் லோன்றியிலும் சீட்டுக் குலுக்கினார்கள். ஆளுக்கு ஒரு பெயர், அவருக்கு மட்டும் விருந்தன்று ஒரு சின்னப் பரிசு. எனக்கு வந்தது மேலாளர் மிசியூ றொஷாவின் பெயர். மழைக்காலத்து வானம் மாதிரி முகமும், அளந்து பேசுகிற வாயும் உள்ள மனிதர்.

அவரிடம் எனக்கு ஒரு காரியமும் இருந்தது. என் சிநேகிதன் யோகன், அகதிக் காம்பில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு ஆறு மாதமாய்க் கிடந்தான். வேலை கிடைத்தால் வெளியே வந்து என் அறையில் இருக்கலாம். மிசியூவிடம் கேட்டிருந்தேன். "நத்தார் விருந்தண்டைக்குக் கூட்டிக்கொண்டு வாரும், ஆளைப் பாப்பம்" என்றிருந்தார்.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட நான் ஒரு கட்டு நகவெட்டி வாங்கியதில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. மிசியூவுக்கு இதுதான் என்று அதை ஒடிலிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்தநாள் ஒரு பெட்டி கொண்டுவந்தார். இரத்தச் சிவப்பு, மூடியில் பொன் கோடு, உள்ளே வெள்ளை வெல்வெட். கையில் கட்டுகிற விலை கூடின மணிக்கூடுகள் வருகிற பெட்டி. அதற்குள் நகவெட்டியை வைத்தபோது, மாளிகைக்குள் தனியாய்ப் படுத்திருக்கிற எறும்பு மாதிரி இருந்தது.

"பெட்டி வடிவானது. கடதாசி வேண்டாம், ரிபன் மட்டும் காணும்" என்றார் ஒடில். பிறகு சிரித்துக்கொண்டே வேகமாய் ஏதோ சொன்னார். விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். (விளங்காத இடத்தில் தலையாட்டுகிற பழக்கம்தான் என்னை இந்த நாட்டில் வளர்த்தது, கெடுத்தது.)

பழைய பொன் ரிபனை லோன்றியில் விரிப்பு மினுக்குகிற சுடு உருளையிலேயே மினுக்கினேன். அதன் நிறத்தில் பாதி ஒரு தலையணை உறையில் ஒட்டிவிட்டது. அந்தக் கிழமை ஏதோ ஒரு ஹோட்டலில் யாரோ ஒருவர் பொன்னில் தலை வைத்துப் படுத்திருப்பார்.

என் கணக்கு இதுதான். எங்கள் கலியாண வீடுகளில் பரிசை வந்தவர் முன்னால் பிரிக்கிறதில்லை. எல்லாரும் போன பிறகு, பந்தல் கழற்றினபிறகுதான் பிரிப்பது. மிசியூவும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பார். நகவெட்டியைக் கண்டு ஏமாந்தாலும் தன் மனிசிக்கு மட்டும்தான் சொல்லுவார். இங்கே எல்லாரும் பெட்டியைப் பார்த்திருப்பார்கள், எனக்கு அது போதும்.

விருந்தன்று யோகன் என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரோடு நின்றான். மற்றவர்கள் பரிசு வாங்கிய இடத்திலேயே பிரித்தார்கள். ஒரு சோடி கால் சொக்சைத் தூக்கிக் காட்டிக் கைதட்டினார்கள். நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் என் முறை வந்துவிட்டது.

மிசியூ றொஷா பெட்டியைக் கையில் எடுத்தார். ரிபனைத் தொடவில்லை. மேசையில் திரும்ப வைத்தார்.

"இதை நான் வாங்கேலாது."

"சின்னச் சாமான், மிசியூ. பெத்தி, பெத்தி."

"மணிக்கூடு எல்லாம் சின்னன்தான்" என்றார். "போன கிழமை சிநேகிதனுக்கு வேலை கேட்டனீர். இண்டைக்கு இது. இனி நான் அவருக்கு வேலை குடுத்தால் இவையள் என்ன நினைப்பினம்?"

யாரோ கடலையை மெல்லுவதை நிறுத்தினார்கள். எல்லாருடைய கண்ணும் யோகனிடம் போனது.

"என்னடா சொல்லுறார்?" என்று யோகன் காதுக்குள் கேட்டான்.

"ஒண்டுமில்லை, பொறு."

"ஒண்டுமில்லாட்டி ஏன் எல்லாரும் என்னைப் பாக்கினம்?" பிறகு அவன் பெட்டியைக் கண்டான். அவன் குரல் இளகியது. "மச்சான், மணிக்கூடோ? எனக்காகவோ?"

பார்த்தால் அவன் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. "என்ர கூடப்பிறந்தவன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்ரா. சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

ஒரு பக்கம் நான் லஞ்சம் கொடுத்தவன். மறுபக்கம் நான் வள்ளல். திறக்காமல் விட்டால் யோகனுக்கு வேலை போச்சு. திறந்தால் என் மானம் போச்சு. உதவிக்கு ஒடிலைப் பார்த்தேன். அவர் ஒரு துவாய்க்குள் முகத்தைப் புதைத்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

நானே ரிபனை அவிழ்த்தேன். மூடியைத் திறந்து எல்லாருக்கும் தெரியப் பிடித்தேன். ஒரு நிமிசத்துக்கு முன் என் ரகசியமாய் இருந்ததை, சாட்சிப் பொருள் மாதிரி மேசையைச் சுற்றிக் காட்டினேன்.

"என்ன இது?" என்றார் மிசியூ.

"நகவெட்டி, மிசியூ. பெத்தி எண்டு சொன்னனான்தானே."

யோகனின் குரல் கேட்டது, தமிழில், தெளிவாய்:

"இதுக்கோ நான் அழுதனான்?"

மிசியூ நகவெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யோகனைக் கூப்பிட்டு, கையைக் காட்டச் சொன்னார். யோகன் இடது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தான், அந்தக் காலத்து எங்கள் பெடியங்களின் நாகரிகம். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெனீவா வரைக்கும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரே சொத்து.

"இந்த நகத்தோட என்ர விரிப்பைத் தொடேலாது, நூல் இழுபடும்" என்று சொல்லி, நகவெட்டியை அவனிடம் நீட்டினார்.

நான் மொழிபெயர்த்தேன். யோகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அந்த நகத்தை வெட்டினான். டக் என்று ஒரு சத்தம். மிசியூ நகவெட்டியை வாங்கித் துடைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கட்கிழமை, காலமை ஏழு மணி" என்றார். மழைக்காலத்து வானம் கொஞ்சம் வெளித்த மாதிரி இருந்தது.

பஸ்சுக்குப் போகுமுன் ஒடில் வந்து பெட்டியையும் ரிபனையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "அண்டைக்கே சொன்னனான், நீர் தலையாட்டினனீர். எங்கடை வீட்டில இந்தப் பெட்டி பொய் சொல்லும் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆக்களுக்கு முதலே சொல்லிப்போட வேணும்." அந்த நத்தாருக்கு அதற்குள் அவருடைய மாமியாருக்கு இரண்டு ஊசியும் ஒரு நூல்கட்டையும் போனதாய்ப் பிறகு கேள்விப்பட்டேன்.

யோகன் அந்த லோன்றியில் பதினொரு வருசம் வேலை செய்தான். சும்மா வாயால் கூப்பிட்ட மச்சானை, என் தங்கச்சியைக் கட்டி உண்மையாக்கினான். அவன் சொன்ன வசனம் இப்போது எங்கள் குடும்பச் சொத்து. உப்பில்லாத சம்பலுக்கும் அதுதான், ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று பார்த்த படத்துக்கும் அதுதான். தமிழ் சரியாய் வராத என் பேரன்கூட, பெரிய பையில் சின்ன விளையாட்டுச் சாமான் வந்தால், இடுப்பில் கையை வைத்து "இதுக்கோ நான் அழுதனான்?" என்கிறான்.

என் செத்தவீட்டிலும் பெட்டியைக் குனிந்து பார்த்து அதையேதான் சொல்லப்போவதாய் யோகன் வெருட்டிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். பெட்டியை மட்டும் நல்லதாய் எடுங்கோ என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.