தாலி இருந்த இரண்டாவது டிஸ்க்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊர் நம்புகிறது. ஊர் நம்பினால் பரவாயில்லை. அவனே நம்பக் கூடாது. நான் நம்பினேன்.

அப்போது தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை என் தலையில் கட்டினார்கள். அதில் சிடி எழுதலாம். எங்கள் சந்தில் வேறு யாரிடமும் அந்த வசதி இல்லை. என் தகுதி மொத்தமும் இதுதான். யாராவது சந்தேகம் கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல மாட்டேன், கோபப்படுவேன். கோபப்பட்டால் ஆட்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. (இது பட்டறையில் நடக்கும். வீட்டில் நடக்காது.)

என் தங்கை செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முருகேசன் மும்பையிலேயே செம்பூர்க்காரர். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவருடைய அப்பா ஆறுமுகம் மாமாவுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். ரயிலில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. மாமாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு ஒற்றை மகனுக்குக் கல்யாணத்தை முடித்தார்கள்.

மாமா இதற்குச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த செல்வியை அவர் 'மருமவளே' என்று கூப்பிடவில்லை. 'ஏம்மா' என்று மட்டும் கூப்பிட்டார், பால் போட வருகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. கேட்டால், "எம் புள்ள தாலி கட்டுனத நான் பாக்கலையே. பாத்தவங்க கூப்புடட்டும்" என்பார். செல்வி என்னிடம் போனில் அழுதாள். "மூணு மாசம் ஆச்சுண்ணே. இந்த வீட்ல நான் வாடகைக்கு இருக்க மாதிரி இருக்கு."

போட்டோவைக் காட்டலாமே என்று கேட்பீர்கள். ஆல்பத்தில் தாலி கட்டும் போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. அதில் முழுக்க என் முதுகு. கெட்டிமேளம் கேட்டதும் பூப்போட முன்னால் பாய்ந்திருக்கிறேன். மாமா அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்துவிட்டு, "சட்டை நல்லா தச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னாராம்.

ஆகவே மிச்சம் இருந்தது வீடியோதான். ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், ஸ்டூடியோக்காரர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். "காசு குடுத்து சிடி போடப் போனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். நானே போட்டுத் தாரேன்" என்று செம்பூருக்குப் போன் போட்டு அறிவித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

முதல் தடவை ஃபைலை அப்படியே ஒரு டிஸ்க்கில் இழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் செல்வி போன் செய்தாள்.

"அண்ணே, டிவில ஒண்ணும் வரலயே. 'நோ டிஸ்க்'னு காட்டுது."

"உங்க பிளேயர் ஓட்டை."

"நேத்து ஒரு சாமிப் படம் ஓடுச்சே."

"சாமிக்கு எல்லாத்துலயும் ஓடும். வை போனை."

பட்டறைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிற வடநாட்டு பையா ஒருவர் இருந்தார். அவரிடம், நண்பன் ஒருவனுக்காகக் கேட்பது போலக் கேட்டேன். "அரே, சும்மா காப்பி போட்டா டிவி பிளேயர் படிக்காது. விசிடியா மாத்தணும். ஸ்லோ ஸ்பீட்ல எழுதணும். எழுதினப்புறம் செக் பண்ணணும்" என்று இந்தியில் மூன்று விஷயம் சொன்னார். நான் முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றரை மணி நேரக் கல்யாணத்தை மாற்ற அந்தப் பழைய பெட்டிக்கு இரண்டு நாள் ஆனது. சூடாகாமல் இருக்க வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நானும் அம்மாவும் முறத்தால் விசிறிக்கொண்டோம். நடுவில் இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எதை அழிக்கலாம் என்று பார்த்தேன். பட்டறை பில்லை அழித்தால் வேலை போய்விடும். மாற்றி முடித்தாயிற்றே, இனி எதற்கு என்று கல்யாணத்தின் ஒரிஜினலை அழித்தேன். மூன்று டிஸ்க்கும் எழுதி முடித்ததும் மாற்றியதையும் அழித்தேன். சுத்தமாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எழுதும்போது எந்த வேகம் என்று கேட்டது. இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தட்டினேன். எழுதி முடித்து, சரிபார்க்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். என்னைச் சரிபார்க்க ஒரு மெஷினா?

"தாலி எதுல வருதுலே?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டாவதுல."

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவும் நானும் செம்பூருக்குப் போனோம். மாமா சாய்வு நாற்காலியில், புதுச் சட்டை போட்டு, டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். செல்வி கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா ஜாதவ் காக்கூவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நான் எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்தேன்.

மூன்று டிஸ்க்குக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்போம். ஃபேனுக்கு வைத்தோம், குக்கருக்கு வைத்தோம், கம்ப்யூட்டருக்கும் வைத்தோம். அதில் தப்பில்லை. ஆனால் அம்மா வைத்தது பளபளக்கிற பக்கத்தில். மறுபக்கத்தில் என் கையெழுத்து இருந்ததாம், அசிங்கமாக இருந்ததாம். ஒன்றிலும் மூன்றிலும் ஓரத்தில் சின்னப் பொட்டு. இரண்டாவதில் நடுவிலிருந்து விளிம்புவரை மூன்று கோடு, ஒவ்வொன்றின் மேலும் ரூபாய் அளவுக்குக் குங்குமம். எல்லாம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.

"என்னம்மா இது?"

"தாலி இருக்க டிஸ்க்குல்லா. அதான் கொஞ்சம் கூடுதலா வச்சேன்."

மாமா தலையாட்டினார். "வைக்கணும்லா. சரியாத்தான் செஞ்சிருக்காவ" என்றார். மூன்று மாதத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் எப்படி மறுத்துப் பேசுவது?

முதல் டிஸ்க்கைச் சட்டையில் துடைத்துப் போட்டேன். ஓடியது! பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, நாதஸ்வரம் எல்லாம் வந்தது. மாமா ஒவ்வொருத்தர் பெயராகச் சொன்னார். ஒரு இடத்தில் சிரித்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தண்ணீரில் போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற நாரும் சோப்பும் இருந்தன. வட்ட வட்டமாக, பலமாகத் தேய்த்தேன். மஞ்சள் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது.

ஹாலுக்கு வந்தபோது ஐயர் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்கிறார். முருகேசன் இரண்டு கையாலும் தாலியைத் தூக்குகிறார். மாமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

திரை நீலமானது. முதல் டிஸ்க் தீர்ந்துவிட்டது. எண்பது நிமிஷம் ஆனதும் கம்ப்யூட்டர் அளந்து வெட்டியிருக்கிறது. யாருக்கு எங்கே தாலி கட்டுகிறார்கள் என்று அதற்கென்ன தெரியும்? பார்த்து வெட்டியிருக்க வேண்டியவன் நான்.

"இருங்க மாமா, அடுத்ததுல வருது" என்று இரண்டாவதைப் போட்டேன். பிளேயர் உர்ர் உர்ர் என்றது. 'நோ டிஸ்க்' என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். 'நோ டிஸ்க்'. மாப்பிள்ளை பற்பசை தடவிப் பார்ப்போம் என்றார். தடவினோம். அத்தை மாமாவின் கண்ணாடித் துணியைக் கொடுத்தார். ஊதினோம். பிளேயரைத் தட்டினோம். தலைகீழாகவும் ஒருமுறை போட்டேன். (பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. அந்த அளவுக்கு நம்பிக்கை போயிருந்தது.)

ஜாதவ் காக்கூ மட்டும் மராத்தியில் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "மங்கள்சூத்ர் குட்டே?"

எங்கே என்றுதான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், பதறாதீங்க. ஒரிஜினல் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா? நாளைக்கு வேற போட்டுருவோம்" என்றார் மாப்பிள்ளை.

"இருந்துச்சு" என்றேன்.

மாப்பிள்ளை அங்கேயே நின்று ஊர் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அதெல்லாம் அழிச்சு நாளாச்சு அண்ணாச்சி. அதான் உங்க மச்சான், எங்கிட்டப் பத்திரமா இருக்கு, நீ உன் சோலியப் பாருன்னு திட்டுனாவளே."

திட்டியிருந்தேன்.

செல்வி எழுந்து உள்ளே போனாள். அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது அழுகையைவிட மோசமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "தேச்சது நீதான" என்றாள். "வச்சது நீதான" என்றேன். எழுதியதே கோளாறா, மஞ்சள் கோளாறா, தேய்த்தது கோளாறா என்ற வழக்கில் எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

மாமா நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையிடம் கேட்டார். "ஏளா, செல்விக்குக் கயிறு மாத்தணும்னு சொன்னியே. புதுக் கயிறு வாங்கிட்டியா?"

எங்களில் கல்யாணத்துக்குப் பிறகு மஞ்சள் கயிறு அழுக்காகிவிட்டால் நல்ல நேரம் பார்த்துப் புதுக் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் அவர்களுக்குள் முடித்துக்கொள்கிற காரியம், ஆண்களுக்குச் சொல்வதுகூட இல்லை.

"மாடத்துல இருக்கு" என்றார் அத்தை.

"எடு. எம் புள்ளையையே கட்டச் சொல்லு. எங் கண்ணு முன்னால கட்டட்டும்."

அத்தை கயிற்றை எடுக்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். மணி நாலரை. ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆறு மணிவரை காத்திருக்க வேண்டும்.

"சும்மா இருக்கதுக்கு அந்த மூணாவதப் போடு தம்பி" என்றார் மாமா.

மூன்றாவது டிஸ்க் பிசிறில்லாமல் ஓடியது. அது முழுக்கப் பந்தி. ஆக, முதல் டிஸ்க்கில் மாப்பிள்ளை கையைத் தூக்கினார், அடுத்து எல்லோரும் சாப்பிட்டார்கள் என்பதே கையிலிருந்த சாட்சி. அதிலும் பாதி நேரம் நான். பாயசம் ஊற்ற வருகிறவனைக் கை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இவன் முதல் பந்தியிலயும் இருந்தானே" என்றார் மாமா.

"அது வேற சட்டை மாமா" என்றேன்.

"சட்டைதான் வேற."

செல்வி உள்ளிருந்து சிரித்தது கேட்டது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

ஆறு மணி அடித்ததும் செல்வியை உட்கார வைத்தார்கள். பித்தளைத் தட்டில் தேங்காய் பழம் வைத்தாயிற்று, மஞ்சள் குங்குமம் வைக்கத் தனியாகத் தட்டு இல்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிளேயர் மேல் கிடந்த இரண்டாவது டிஸ்க்கை எடுத்து, முந்தானையில் ஒரு தடவை துடைத்து, அதில் குங்குமத்தைக் கொட்டினாள். நான் முன்னால் நகர்ந்தேன்.

"தம்பி, நீ மட்டும் செவத்தோரம் போய் நில்லு" என்றார் மாமா.

போய் நின்றேன். ஜாதவ் காக்கூ முருகேசனின் செல்போனில் வீடியோ எடுத்தார். (என்னிடம் போனைத் தர ஒருவரும் நினைக்கவில்லை.) முருகேசன் கட்டினார். மாமா உட்கார்ந்தபடியே அரிசியை எறிந்தார். பாதி டிவி மேல் விழுந்தது. பிறகு சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருமவளே, எல்லாருக்கும் காப்பி போடு" என்றார்.

செல்வி அந்தக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். ஒருவரும் சொல்லவில்லை. நான்கூடச் சொல்லவில்லை.

மாமா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். கடைசிவரை கல்யாண நாள் என்று அவர் புடவை எடுத்துக் கொடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். ஊரில் நடந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டில் பாதியில் நின்றுபோகிற எதற்கும் இப்போது ஒரே பெயர்தான். நடுவில் நிற்கிற லோக்கல் ரயில், பாதி வெந்த சோறு, கிளைமாக்ஸுக்கு முன்னால் போகிற கரண்ட், எல்லாம் 'ரெண்டாவது டிஸ்க்'. நான் கோபத்தில் கத்த ஆரம்பித்து எதற்குக் கத்தினேன் என்று மறந்து நிற்கும்போது என் மகள் அவள் அம்மாவிடம் சொல்வாள்: "அப்பா ரெண்டாவது டிஸ்க் போட்டுட்டாரு."

இப்போது யார் வீட்டிலும் பிளேயர் இல்லை. டிஸ்க் மட்டும் செல்வி வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது, குங்குமத் தட்டாக. பளபளக்கிற பக்கம் மேலே. போன மாதம் போயிருந்தபோது எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அம்மா சொன்னது சரிதான், அசிங்கமாகத்தான் இருந்தது.