புரொஜெக்டர் அண்ணை சொல்லாத கொலைகாரன்

லண்டன் தமிழரில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே மனிதர் புரொஜெக்டர் அண்ணைதான். மற்றவர்களிடம் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில் ஒன்றைச் சொன்னால், நாம் பஸ் பிடிப்பதற்குள் அது வடக்கே எட்மண்டனில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டியவர். எண்பது வயதிலும் கத்தரிக்காயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிலிமைப் பார்ப்பது போலப் பார்த்துத்தான் வாங்குவார்.

நானோ தொலைந்துபோன படங்களுக்கு நோட்டுக் கொப்பிகளில் திகதி வாரியாகப் பட்டியல் போடுகிறவன். "பாக்க ஏலாத படத்துக்கு ஏனப்பா இவ்வளவு கொப்பி?" என்பாள் மனைவி. நான் அடுத்த கொப்பி வாங்கப் போவேன்.

பட்டியலில் ஓர் அமெரிக்க மௌனப் படம். மாளிகையில் கொலை, சந்தேகத்துக்கு நாலு பேர், அதில் ஒருவர் டாக்டர். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கொலைகாரன் யாரென்று எந்தக் குறிப்பிலும் இல்லை. தியேட்டர் ஸ்டோரில் கிடந்த, பிறகு தொலைந்துபோன ஒரு பழைய பெட்டியிலிருந்து எடுத்து, இளவயதில் அதைத் தனியே ஓட்டிப் பார்த்ததாக அண்ணை ஒருநாள் சொன்னார். நான் உடனே கொப்பியைத் திறந்தேன்.

"ஆரண்ணை கொலைகாரன்?"

"படம் பாக்காத ஆளுக்கு முடிவு சொல்லுறேல்லை. படம் ஓட்டுற ஒப்பரேட்டர்மாரின்ரை சட்டம்."

"அந்தப் படமே இப்ப இல்லை அண்ணை!"

"அப்ப அவசரமில்லை, ஆறுதலாப் பாரும்."

இரண்டு வருடம் வடை வாங்கிக் கொடுத்தேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், அம்மனுக்கு முன்னாலேயே கேட்டேன்.

"அம்மனும் படம் பாக்கேல்லைத்தானே?" என்றார்.

இந்த நிலையில்தான் நூலகத்தில் அந்தப் படம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். 'கொலைகாரன் அன்று வெளிப்படுவான்' என்று துண்டுப்பிரசுரமும் அடித்துவிட்டேன். அண்ணை அப்போதும் சட்டத்தையே சொன்னார். பழைய விளம்பரப் புகைப்படங்களில் கோட்டுப் பொத்தான்களை எண்ணி, ஒரு பொத்தான் குறைகிற டாக்டர்தான் என்று நானே முடிவு கட்டினேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். "டாக்டர்தான்" என்று நான் முழங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"ஆதாரம்?"

என்னிடம் பொத்தான்கள் மட்டுமே இருந்தன. யாரோ சிரித்தார்கள்.

முன்வரிசையில் அண்ணை மெல்ல எழுந்தார். "நான் பாத்தனான். டாக்குத்தர்தான்."

கைதட்டினார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்: "எனக்காகச் சட்டத்தை முறிச்சுப்போட்டியளே அண்ணை?"

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நான் ஒண்டையும் முறிக்கேல்லை. அந்தப் பெட்டிக்குள்ளை கடைசி ரீல் இருக்கேல்லை, தம்பி. அறுபது வருசமா நானும் மண்டையை உடைக்கிறன். உம்மடை டாக்குத்தர் பரவாயில்லை."

ஆதாரமில்லாமல் ஒரு திகதிகூடக் குறிக்காத நான், வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: கொலைகாரன், டாக்டர். நேரில் பார்த்த சாட்சி, புரொஜெக்டர் அண்ணை.