என் பெயரில் மூன்று பரப்பு உலகம்

எனக்கென்று ஒரு சொந்த உலகம் வேண்டும் என்று ஐம்பத்தாறாவது வயதில் முடிவெடுத்தேன். காரணம் இருக்கிறது. உரும்பிராயில் நாங்கள் இருக்கும் வீடு என் மனைவி ஜெயகௌரியின் சீதனம். வளவு சீதனம். கிணறு சீதனம். அந்த வளவுக்குள் வெளியிலிருந்து வந்த ஒரே சாமான் நான்தான். காணிக் கந்தோரில் முப்பது வருடம் ஊராரின் காணி விவரமெல்லாம் எழுதிக் கை தேய்ந்தவன். என் பெயரில் ஒரு பூச்சாடி மண்கூட இல்லை.

இந்த நிலையில்தான் நல்லூரில் ஒரு சிந்தனை மாநாடு நடந்தது. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழில் இருந்தபடியால் நானும் சிந்திக்கப் போனேன். ஜெயகௌரியும் வந்தாள். பின்வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நல்ல நித்திரை.

மேடையில் ஆரணி என்ற இளம் பொறியியலாளர் மெய்நிகர் உலகங்கள் பற்றிப் பேசினார். கணினிக்குள் எல்லையில்லாத நிலம் கிடக்கிறதாம். விரும்பிய உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே போய், மனதில் தோன்றியதையெல்லாம் படைக்கலாமாம். "பயப்படாமல் பரிசோதனை செய்து பாருங்கோ!" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சோற்றுப் பார்சல் வந்ததைக்கூடக் கவனிக்காமல் கைதட்டினேன்.

வீட்டுக்குள் கணினி வைக்க இடமில்லை என்று தீர்ப்பு வந்தது. மோட்டார் சைக்கிள் நிற்கும் கொட்டிலில் மேசை போட்டு, மகள் விட்டுப்போன கணினியை வைத்து, ஒரு கிழமையில் உலகம் படைத்தேன். பனைமரத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் காய்க்க வைத்தேன். மாட்டுக்கு இறக்கை பூட்டினேன். தொண்டைமானாற்றுக் கடலைச் சுருட்டி ஆகாயத்தில் காயப் போட்டேன். மீன்கள் என் தலைக்கு மேலே நீந்தின. எனக்கே என்மேல் பயங்கர மரியாதை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, எல்லையில்லாத அந்த நிலத்தில் நான் என்ன செய்தேன்? ஒரு வீடு கட்டப் போதுமான மூன்று பரப்பு நிலத்தை அளந்து வேலி அடைத்தேன். நாற்பத்தெட்டுக் கதியால் தடி நட்டு, கிடுகோலை கட்டி, படலை போட்டு, படலைக்குப் பூட்டும் போட்டேன். யாழ்ப்பாணத்தான் வேறென்ன செய்வான்?

நாலாம் நாள் பக்கத்து நிலத்தில் ஒருவர் குடிவந்தார். பெயர் கந்தப்பு. முகத்தில் பாதி மீசை. தோளில் சால்வை. எழுத்தில்தான் கதைத்தார்.

"அண்ணை, உங்கடை மாடு நல்லாப் பறக்குது."

நல்ல மனுசன் என்று நினைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் வேலியை அளந்தால் ஒன்றரை முழம் குறைகிறது! கதியால்கள் வரிசை குலையாமல் என் பக்கம் வந்து நின்றன.

"கந்தப்பு, கதியாலை அரக்கினது நீதானே?"

"அது துளிர்த்துத் தானாத் தள்ளியிருக்கும், அண்ணை."

"கணினிக்கை கதியால் துளிர்க்குமோ?"

"பனையில மாம்பழம் காய்க்குமெண்டால் கதியால் துளிர்க்காதோ?"

குசினிக்கு ஓடினேன். ஜெயகௌரி அவசரமாகக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அகப்பையை எடுத்தாள்.

"இஞ்சாரும், உவன் கந்தப்பு ஒன்றரை முழம் அரக்கிப் போட்டான்!"

"எந்தக் கந்தப்பு? தபால்கந்தோரடிக் கந்தப்புவோ?"

"இல்லையப்பா, கணினிக் கந்தப்பு."

"அந்த மீசைக்காரனோ?"

"ஓம். உமக்கெப்பிடித் தெரியும்?"

"வேலி அரக்கிறவன் மீசையில்லாமலோ இருப்பான்? விடாதேங்கோ. அது எங்கடை மண்!"

எங்கடை என்றாள்! இருபத்தெட்டு வருடத்தில் என் சாமான் ஒன்றை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போர் மூண்டது. பகலில் நான் அங்கே அரக்கினால், நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவன் இங்கே அரக்கினான். அவன் கூரைக்கு மேலே பறந்ததென்று என் மாட்டைப் பிடித்துக் கட்டினான். நான் அவன் முற்றத்தில் கடலின் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டேன். கடைசியில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணை, நிர்வாகத்துக்கு முறைப்பாடு போட்டிட்டன். நாளைக்கு உங்கடை பேரில இருக்கிறதெல்லாம் முடக்கம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் கிடைத்த ஒரே காணி. அதுவும் மீன் நீந்தும் காணி.

"ஏனப்பா, ஒண்டும் சாப்பிடுறியள் இல்லை?"

"என்ரை உலகம் போகப்போகுது."

"யாற்றை பேரில இருக்கு?"

"என்ரை பேரிலதான்."

"ம்" என்று சொல்லிவிட்டு சொதியை ஊற்றினாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மூளை திறந்துவிட்டது! வழக்குக்குப் பயந்தவர்கள் காணியை மனைவி பெயருக்கு மாற்றுவதை முப்பது வருடம் கந்தோரில் பார்த்தவன் நான் அல்லவா?

"உம்மடை பேருக்கு மாத்தி விடட்டோ?"

"ஐயோ, எனக்கேன் உந்தத் தலையிடி?"

கெஞ்சினேன். அரை மணித்தியாலம் கெஞ்சினேன். கோயில் வாசலில்கூட நான் அவ்வளவு உருகியதில்லை.

"சரி, உங்கடை ஆசைக்காகத்தான்" என்று மனமில்லாமல் தலையாட்டினாள். அந்த உலகத்தில் அவளுக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது நல்ல வசதியாகப் போயிற்று. ஒரே அழுத்தில் மூன்று பரப்பும் மாறியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டிலுக்குப் போய் எழுதினேன்.

"காணி இப்ப என்ரை பேரில இல்லையடா, கந்தப்பு! இனி என்ன செய்வாய்?"

எழுதிவிட்டு நிமிர்ந்தால் வேலியைக் காணோம். நாற்பத்தெட்டுக் கதியாலும் பிடுங்கப்பட்டு, இரண்டு காணியும் ஒரே வளவாகக் கிடந்தது. படலை மட்டும் நின்றது. நான் படலைக்கு வெளியே நின்றேன். உள்ளே, என் மாட்டைத் தடவிக்கொண்டு கந்தப்பு நின்றான். முதன்முறையாக அவன் வாய் திறந்தான். மீசைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"மாநாட்டில அந்தப் பிள்ளை பரிசோதனை செய்து பாக்கச் சொன்னதெல்லோ? நான் உங்களை வைச்சுச் செய்து பாத்தனான். கேட்டிருந்தால் ஒரு முழம் தந்திருப்பியளோ? சரி, ஏன் படலையடியில நிக்கிறியள்? செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

கணினிக்குள் என் உருவத்துக்குச் செருப்பே கிடையாது. மேசைக்குக் கீழே என் கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டன.