தொடங்கத் தெரியாத நொதி

அன்புள்ள அக்காவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நான் இங்கே நலம். பேச்சுத் துணைக்கு ஆள் நிறைய. அங்கே உன் தையல் மெஷினும், அதைவிடச் சத்தம் போடும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன்.

"லேப்ல என்னதான்டி பண்ணப்போறே?" என்று நான் கிளம்பும் முன் கேட்டாய். இதைத்தான். பாக்டீரியா இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும். இரட்டை இழை ஜிப் போலத் திறக்கும். ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே புது இழை கட்ட ஒரு நொதி உண்டு. வினாடிக்கு ஆயிரம் டிஎன்ஏ எழுத்து வரை கோக்கும். தப்பாகக் கோத்தால், தையல் தப்பும்போது நீ செய்வது போலவே உடனே பிரித்துவிட்டு மறுபடி கோக்கும். ஒரு பக்கம் ஒரே ஓட்டம். மறுபக்கம் திசை எதிர் என்பதால் துண்டு துண்டாகக் கட்டும்; இன்னொரு நொதி வந்து ஒட்டுப்போடும். இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே குறை, முதல் எழுத்தைத் தானாக வைக்கத் தெரியாது. வேறொருத்தி சின்னதாக ஒரு தொடக்கத் துண்டு வைத்துக் கொடுத்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

போன வாரம் இதையே சோதனைக் குழாயில் செய்தேன், மூன்று நாளாகியும் ஒன்றும் வளரவில்லை, சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன், கடைசியில் குழாயிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டேன், அதைப் பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள், போனில் பேசுவதுபோல் காதில் கை வைத்தேன், கையில் இருந்தது வெறும் கையுறை.

"தொடக்கத் துண்டு போட்டியா?" என்றாள்.

போடவில்லை.

"சரியாப் போச்சு! நீயும் உன் நொதியும் ஒரே அச்சு. நாலு மாசமா பக்கத்துல உக்காந்திருக்கே, நானா கேட்டாத்தான் வாயே தொறக்குது."

அத்தானுக்கு வணக்கம். உன் ஊசிகள் முறியாமல் இருக்கட்டும்.

உன் தங்கை

பின்குறிப்பு: ஆள் நிறைய என்று எழுதியதை அடித்துவிடு. அவள் ஒருத்திதான், அவளும் நேற்று வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். ஊரில் நான் பஸ் ஏறும்போது, "படிச்சவ, இனி எங்ககூடல்லாம் பேசுவியா?" என்றாய். பேசுவேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நீ கோபமாகவே இருக்கிறாய் போல. தினமும் உன் நம்பரை எடுக்கிறேன், அழுத்த வரவில்லை. அந்தத் தொடக்கத் துண்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன்: இழை வளர்ந்த பிறகு பாக்டீரியா அதை எடுத்துப் போட்டுவிடும். அதனால் அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உன் முதல் வார்த்தை திட்டாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடுக்கா.