விமானத்துக்கு வைத்த சந்தனம்

முப்பத்திரண்டு வருடம் ஓர் அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாடத்தைத்தான் சொல்வேன்: உன் காதை நம்பாதே, மூக்கை நம்பாதே, மீட்டரை நம்பு. ஓய்வு பெற்று ஆக்லாந்துக்கு வந்த பிறகு, என் கையாலேயே பொருத்திய ஒரு மீட்டர் உண்மையைச் சொன்னபோது, அதைப் பொய் சொல்கிறது என்று பழித்தவனும் நானேதான். மீட்டரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அதனால் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் என்னிடம் பேசுவது பாத்திரம் கழுவும் இயந்திரம் மட்டும்தான் (அதுவும் வேலை முடிந்ததும் மூன்று தடவை கத்திவிட்டு மௌனமாகிவிடும்). இப்படியிருக்கும்போதுதான் கோயில் அன்னதானத்தில் சிவநேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹென்டர்சனில் ஏசி மெக்கானிக். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். தன் வீட்டுக் கராஜில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சாம்பார் பரிமாறும்போது சொன்னார். பாயசம் வருவதற்குள் அந்த விமானத்தின் மீட்டர்களுக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போனேன். நாலு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டுக்கும் ஒரு மீட்டர், வெளியேறும் புகையின் சூட்டுக்கு நாலு, எண்ணெய் அழுத்தம், பெட்ரோல் அழுத்தம், சுழல்வேகம், பேட்டரி என்று மொத்தம் பன்னிரண்டு.

"ரெண்டு பேர் போற பிளேனுக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏன் அண்ணை?" என்று கேட்டார் சிவநேசன்.

"ஆளுக்கு ஆறு தம்பி" என்றேன்.

இந்த ஆறு வருடத்தில் உண்மையில் தியாகம் செய்தவர் அவருடைய மனைவி யோகராணி. கராஜில் விமானம் இருந்ததால் அவருடைய கார் ஆக்லாந்து மழையில் நனைந்தது. சலவை இயந்திரத்துக்குப் போக விமானத்தின் வாலுக்குக் கீழே குனிந்து போக வேண்டும். கடைசியில் ஒரு விமானத் திடலில், தெரிந்த ஒருவர் தன் கொட்டகையில் ஒரு மாதத்துக்கு மட்டும் இடம் கொடுத்தார். விமானம் லாரியில் ஏறிய அன்றே யோகராணி காரைக் கராஜுக்குள் விட்டார். பிறகு எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"ஒரு மாதத்துக்குள்ள இன்ஸ்பெக்டர் கையெழுத்து வைச்சா இது பிளேன். வைக்கேல்லையெண்டா இது சாமான். சாமானை வித்துப்போடுவம். திரும்பி என்ர கராஜுக்குள்ள வரக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்" என்றார் சிவநேசன். ஆறு வருடக் கனவின் ஆயுள் ஒரு மாதம் என்று அப்போது முடிவாயிற்று.

ஆய்வாளராக வந்தவர் ஹெலன் என்ற பெண்மணி. உயரமானவர், அதிகம் பேசாதவர். காலையில் அவரும் சிவநேசனும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார்கள். பிறகு தேநீர் குடிக்கவும் காகிதங்களைப் பார்க்கவும் உள்ளே போனார்கள். தேநீருக்குப் பிறகு எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அன்றைக்கு ஆயுத பூஜை.

எங்கள் மின்நிலையத்தில் அன்று கிரேனிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் பொட்டு வைப்போம். ஒரு விமானத்தை வெறும் நெற்றியோடு ஓடவிட என் மனம் ஒப்பவில்லை. முதல் நாளே சிவநேசனிடம் கேட்டிருந்தேன். "முன்னுக்கு ஒரு பொட்டு காணும் அண்ணை" என்று சொல்லியிருந்தார். ஒரு பொட்டு போதுமாம்! அத்தனை பெரிய விமானத்துக்கு!

டப்பா நிறையச் சந்தனம் குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் தேநீருக்குப் போனதும் மூக்குக்கு வைத்தேன், புரொப்பெல்லருக்கு வைத்தேன், சக்கரங்களுக்கு வைத்தேன். பிறகு இறக்கைக்குக் கீழே குனிந்தேன். அங்கே பேனா பருமனில் ஒரு சின்னக் குழாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வட்டமான வாயைப் பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். மேலே பார்த்துக் குங்குமம் வைக்கப் போனபோது அது கண்ணில் விழுந்தது. அதனால் கீழ்ப்பக்கம் சந்தனத்தோடு நிறுத்திக்கொண்டேன். மறுபக்க இறக்கையிலும் அதே போல ஒரு குழாய் இருந்தது. நான் பாரபட்சம் பார்க்காதவன்.

பெட்ரோல் தொட்டி மூச்சு விடுகிற குழாய்கள் அவை. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். இதெல்லாம் தெரியாதவனா நான் என்று கேட்காதீர்கள். தெரியும். படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. சிவநேசன் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், ஹெலன் வெளியே கையில் கடிகாரத்தோடு. நான் மீட்டர்களைச் சகஸ்ரநாமம் போல வரிசையாக வாசித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. ஏழாவது நிமிடம் ஒரு முள் மட்டும் மெல்லச் சாய்ந்தது.

"அண்ணை, பெட்ரோல் பிரஷர் இறங்குது."

"அது மீட்டர் ஃபால்ட் தம்பி. நீங்க ஓட்டுங்க."

(முப்பத்திரண்டு வருடப் பாடம்!)

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், பக்கத்து நிலத்தில் ஆடுகள் புல் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. காரணத்தைக் கண்டுபிடியுங்கள், இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஹெலன் போய்விட்டார். கொட்டகையின் கெடு முடிய அதற்கு மேல் இரண்டு நாள்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை என் மீட்டரைக் கழற்றிச் சோதித்தேன். அது நிரபராதி. சிவநேசன் பெட்ரோல் பம்பைப் பிரித்தார், வடிகட்டியைப் பிரித்தார், குழாய்களைப் பிரித்தார். மாட்டி ஓட்டினால் மறுபடியும் ஏழாவது நிமிடத்தில் நின்றது. மூச்சுக் குழாயை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் இரண்டு பேர் சேர்ந்து டிக் அடித்திருந்தார்களே! போதாததற்கு, இறக்கையின் அடிப்பக்கத்துக்குச் சிவநேசன் அடித்திருந்த வண்ணமும் மஞ்சள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நட்டு உருண்டு இறக்கைக்குக் கீழே ஓடியது. எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்துக்கு நேரே, காய்ந்து கல்லாகிப்போன சந்தனத்தில், என் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாக இருந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில்கூட அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்குத்தும் குச்சியால் இரண்டையும் சுரண்டி, கைக்குட்டையில் முடிந்து, பைக்குள் வைத்தேன். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு வயரை முறுக்கிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்றேன்.

எஞ்சின் நாற்பது நிமிடம் ஓடியது. சிவநேசன் இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் யோகராணி எனக்கென்றே இடியப்பமும் சொதியும் செய்தார். "அண்ணை கை வைச்சாத்தான் எல்லாம் சரி வருது" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். கைக்குட்டை பைக்குள் கனத்தது. இருந்தும் எட்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

ஹெலன் வந்தார். பார்க்க யோகராணியும் வந்திருந்தார். எஞ்சின் அழகாக ஓடியது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன பழுது என்று கேட்டார்.

"வயர் லூஸ் எண்டு அண்ணை சொன்னவர்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார் சிவநேசன்.

ஹெலன் என்னைப் பார்த்தார். வயர் லூசானால் மீட்டர் நிற்கும், எஞ்சின் ஏன் நிற்க வேண்டும் என்றார். பிறகு பேனாவை மூடினார். காரணம் தெரியாமலே சரியாகிவிட்ட பழுது திரும்பி வரும், அது தரையில்தான் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். சிவநேசனின் முகம் வெளுத்துவிட்டது. யோகராணி தலையைக் குனிந்துகொண்டார். விற்றுவிடுவோம் என்று சொன்ன அவருக்கே அது தாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். அந்தக் குழாய்களை அடைத்தது ஒரு தரைச் சோதனைக்கு முன்பாக இல்லாமல் முதல் பறத்தலுக்கு முன்பாக இருந்திருந்தால், அந்த ஏழாவது நிமிடத்தில் சிவநேசன் ஆயிரம் அடி உயரத்தில் இருந்திருப்பார். பக்கத்தில் மீட்டர் ஃபால்ட் என்று சொல்ல நானும் இருந்திருப்பேன்.

பைக்குள்ளேயே கிடந்த கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தேன். இரண்டு மஞ்சள் கட்டிகள்.

"தம்பி, வயர் இல்லை. இதுதான். நான்தான் வச்சேன்."

சிவநேசன் கட்டிகளைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், கடைசியாக என் கட்டைவிரலைப் பார்த்தார். "ஒரு பொட்டு காணும் எண்டு சொன்னனான் எல்லே" என்று மட்டும் சொன்னார். ஹெலன் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். விமானத்துக்கு ஆபத்து வராமல் இருக்க என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரித்து முடித்து, பதிவேட்டில் இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் போட்டார்.

சிவநேசன் என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் புதிய பட்டியலோடு மகள் வீட்டுக்கே வந்தார். விமானம் கிளம்புமுன் உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டிய பட்டியல் அது. பெட்ரோல், எண்ணெய், சக்கரம் என்று பதினாறு வரிகளுக்குப் பிறகு, பதினேழாவதாக ஒரு புது வரி: 'அண்ணையின் விரல்: தூரத்தில்.' இன்றுவரை அந்த இடம் வந்ததும், நான் வெளியே நின்று இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்ட வேண்டும். காட்டாமல் எஞ்சின் கிளம்பாது. எங்கள் வீட்டிலும் அது பரவிவிட்டது. மகள் காரை எடுக்கும்போதெல்லாம், "அப்பா, கை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறாள்.

போன ஆயுத பூஜைக்கு விமானத்தின் மூக்கில் யோகராணியே ஒரு பொட்டு வைத்தார். ஒன்றே ஒன்று. நான் பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தை என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ அண்ணை. உங்கட நெத்தியில தாராளமா வையுங்கோ. அங்க அடைபட ஒண்டும் இல்லை."